வசந்தம் இல்லாத படம்: வாசகர் கேள்வி – பதில்

மே மாதத்தில் விசைப்படகுகளெல்லாம் தடைக்காலத்துக்காகக் கரையில் கட்டிக் கிடந்தபோது, மண்டபத்தில் ஒரு சிறிய கூடத்தில் எங்கள் வாசகர் வட்டம் ‘ரெக்வியம் ஃபார் எ டிரீம்’ என்னும் அமெரிக்கப் படத்தைத் தமிழ்த் துணைவரிகளுடன் திரையிட்டது. ஹ்யூபர்ட் செல்பி 1978இல் எழுதிய நாவலை வைத்து டேரன் அரனாஃப்ஸ்கி 2000ஆம் ஆண்டில் இயக்கிய படம் அது. நியூயார்க்கில் கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியே வாழும் சேரா என்னும் கைம்பெண், அவருடைய மகன் ஹாரி, அவனுடைய காதலி மரியன், நண்பன் டைரோன் ஆகிய நால்வரும் போதையால் அழிந்துபோவதுதான் கதை. இளையவர்கள் மூவருக்கும் ஹெராயின். தாய்க்கு, உடம்பு இளைப்பதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை. பெரியவர்களுக்கு மட்டும் என்று முன்பே அறிவித்திருந்தோம். படம் முடிந்ததும் வழக்கமாக நடக்கும் கலந்துரையாடல் அன்று நடக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு எல்லாரும் பேசாமல் கலைந்துவிட்டார்கள். அன்று பேசாமல் போனவர்கள் இப்போது கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, படம் பார்த்த பிறகு இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நால்வரில் ஒருவராவது திருந்தி வீடு திரும்பியிருக்கக் கூடாதா? ஒருவரைக்கூடக் காப்பாற்ற மனமில்லாதவர் எதற்காக இப்படி ஒரு படத்தை எடுக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, படம் கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்காவதாக வரவேண்டிய வசந்தம் படத்தில் இல்லை. கோடை என்றாலே குடிநீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் நம் கரைக்காரர்களுக்கு முதல் பகுதியின் தலைப்பு சற்றுக் குழப்பம் தந்திருக்கலாம். பனி உருகிய பிறகு வரும் கோடைதான் அவர்களுக்குக் கொண்டாட்டக் காலம். அங்கிருந்து இறங்கத் தொடங்கும் கதை குளிர்காலத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே ஒருவரையும் காப்பாற்றாதது மறதியன்று. படத்தின் சட்டகத்தையே இயக்குநர் அப்படித்தான் அடித்திருக்கிறார்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது கதையைவிடப் படத்தொகுப்பு என்றே நினைக்கிறேன். நூறு நிமிடம் ஓடும் இந்தப் படத்தில் 2,000க்கும் மேற்பட்ட வெட்டுகள் இருக்கின்றன. போதை ஏற்றிக்கொள்ளும் செயலை முழுமையாக எங்குமே காட்டாமல், ஒரு தீப்பொறி, ஒரு கண், ஒரு பெருமூச்சு என்று இரண்டு மூன்று நொடிகளில் முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே துண்டுகள், அதே ஒலி. பத்தாம் முறை வரும்போது அந்த ஒலி தொடங்கியதுமே அடுத்தது என்னவென்று நம் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. பழக்கம் என்றால் என்ன என்பதைப் பார்ப்பவர் மீதே ஏவிக் காட்டும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நான்கு பேருடைய முடிவுகளையும் ஒன்றோடொன்று பின்னி, மூச்சு விட இடம் தராமல் அடித்துக்கொண்டே போகும் கடைசிக் கால் மணி நேரத்தில் இயக்குநர் எல்லை மீறிவிட்டார் என்றுதான் சொல்வேன். செத்த பாம்பை எத்தனை முறை அடிப்பது?

கேள்வி: அந்தப் படத்தில் வரும் வயலின் இசையை வேறு எங்கெங்கோ கேட்டிருக்கிறேனே?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: கேட்டிருப்பீர்கள். கிளின்ட் மான்செல் இசையமைத்து, க்ரோனோஸ் குவார்டெட் என்னும் நால்வர் குழு வாசித்த இசை அது. பிறகு ஒரு பிரம்மாண்டப் படத்தின் முன்னோட்டத்துக்காகப் பெரிய வாத்தியக் குழுவை வைத்து அதை மாற்றி அமைத்தார்கள். அதன் பின் விளையாட்டு நிகழ்ச்சிகள், விளம்பரங்கள் எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. சேராவின் துயரத்துக்காகப் பிறந்த மெட்டு இப்போது வீரம் ஊட்டப் பயன்படுகிறது.

கேள்வி: இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். ஹெராயின் ஏற்றிக்கொண்டதும் கண்ணின் பாவை விரிவதாகத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அது தவறல்லவா? இத்தனை பெயர் பெற்ற படத்தில் இதை ஒருவரும் கவனிக்கவில்லையா?
– வாசகர், கீழக்கரை

பதில்: கவனித்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் கூடத்தில் தாங்கள் ஒருவர்தான் பிடித்தீர்கள். ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகளால் பாவை ஊசிமுனை போலச் சுருங்கும். மயங்கிக் கிடப்பவரின் இமையை விலக்கி மருத்துவர் முதலில் தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. ஆம்பெட்டமைன் வகையால்தான் பாவை விரியும். எனவே அந்தக் காட்சி சேரா விழுங்கும் மாத்திரைகளுக்குப் பொருந்தும். மகன் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பொருந்தாது. திரையை நிறைக்கும்படி ஒரு கருவட்டம் விரிவது பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருந்ததால் உண்மையை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. படத்தை மருத்துவப் பாடமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு பிழையே போதும். இதே காரணத்தால் எழும் வேறொரு கேள்வி பின்னால் வருகிறது, அது இவ்வளவு எளிதானதன்று.

கேள்வி: பையன்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த அம்மாவை மறக்க முடியவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் பத்து மணிக்குத்தான் அணைக்கிறேன். படம் பார்த்து வந்த அன்று அதைப் போடக் கை வரவில்லை. அந்த அம்மா செய்த தவறு என்ன?
– வாசகி, மண்டபம் முகாம்

பதில்: அம்மா, வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது ஒன்றைக் கண்டேன். ஆண்கள் எழுதிய கடிதங்களில் அழுகிப்போன ஹாரியின் கை வருகிறது. பெண்கள் எழுதிய கடிதங்களில் சேராவின் குளிர்சாதனப் பெட்டி வருகிறது. படத்தின் உயிர் சேராவிடம்தான் இருக்கிறது என்று நினைப்பவன் நான்.

அவர் செய்த தவறு என்று எதைச் சொல்வது? தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொள்ளத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. கணவர் உயிரோடு இருந்த காலத்தில், மகனின் பட்டமளிப்புக்கு உடுத்திய சிவப்பு உடையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கிறார். முதுகில் இழுவைப்பட்டி ஏற மறுக்கிறது. ஒரு முட்டை, பாதிப் பழம், சர்க்கரை போடாத காப்பி என்று பட்டினி கிடந்து பார்க்கிறார். முடியவில்லை. மருத்துவரிடம் போகிறார். அந்த மருத்துவர் அவருடைய முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். காலையில் ஊதா, மதியம் நீலம், மாலையில் ஆரஞ்சு, இரவில் பச்சை. முதல் மூன்றும் பசியைக் கொன்று உடம்பை முறுக்கி ஓடவைப்பவை. நான்காவது, அந்த முறுக்கை அவிழ்த்துத் தூங்கவைப்பது. 1950, 60களில் அமெரிக்காவில் ஆம்பெட்டமைன் கலந்த இளைப்பு மாத்திரைகளை இப்படி வண்ண வண்ணமாகக் கொடுத்தது நடந்த கதைதான். சில நாள்களில் பல் நறநறவென்று அரைபடுகிறது. பிறகு அவர் கண்ணுக்குக் குளிர்சாதனப் பெட்டி நகரத் தொடங்குகிறது.

மகன் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருப்பதாகச் சொல்ல வருகிறான். தாயின் பல்லரைப்பைக் கேட்டதுமே, தானும் அதே வழியில் போகிறவன் ஆகையால், உடனே கண்டுபிடித்துவிடுகிறான். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறான். அப்போது அவர் சொல்லும் பதில்தான் உங்களை வீடுவரை துரத்தி வந்திருக்க வேண்டும்: தொலைக்காட்சியில் வரப்போகிறேன் என்பதால் அக்கம்பக்கத்தார் மதிக்கிறார்கள், வாசலில் வரிசையாக நாற்காலி போட்டு வெயில் காயும் பெண்களில் நல்ல இடம் எனக்குக் கிடைக்கிறது, வேறு எதற்காகப் படுக்கையை மடித்து வைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும்? இதைப் பேசி நடித்தவர் எல்லன் பர்ஸ்டின். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபாட்டிக் அழுததில் பார்வைக்கண்ணாடி மங்கி, கேமரா சற்று விலகிப்போய்விட்டது; இயக்குநர் அதைத் திருத்தாமல் அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் பர்ஸ்டினுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு அதை ஜூலியா ராபர்ட்ஸ் பெற்றார்.

படத்தின் முதல் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். மகன் அடிக்கடி எடுத்துப் போய் அடகு வைத்துவிடுகிறான் என்பதற்காகத் தொலைக்காட்சிப் பெட்டியை அந்த அம்மா சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார். மகன் கோபிக்கிறான் என்றதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கீழ் இடுக்கு வழியாகச் சாவியைத் தள்ளிவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அழைக்கும்போது, அடுத்த முறை நீங்கள் சாப்பிட்டதைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் தொலைக்காட்சியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரப் பேச்சு உங்களிடம் தேங்கிக் கிடக்கிறது.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் படத்தை மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாகத் திரையிட்டால் பயந்து விட்டுவிட மாட்டார்களா?
– ஆசிரியர், தொண்டி

பதில்: மாட்டார்கள் என்றே நம்புகிறேன். முதலில், இது சிறுவர்கள் பார்க்கத் தக்க படமன்று. அமெரிக்கத் தணிக்கை அமைப்பு பதினேழு வயது வரை அனுமதி மறுக்கும் சான்றைத்தான் வழங்கியது, விநியோகஸ்தர் அதை ஏற்காமல் சான்றே இல்லாமல் வெளியிட்டார். மரியனுக்கு நேரும் முடிவை நினைத்தால் அந்தத் தடையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைவிட முக்கியமான காரணம் வேறு. உங்கள் மாணவன் இந்தப் படத்தைப் பார்த்தால், கை அழுகிக் கிடக்கும் ஹாரியையும் தன் உதட்டுக்குள் இருக்கும் பொட்டலத்தையும் அளந்து பார்ப்பான். ‘நான் அந்த அளவுக்குப் போகவில்லையே’ என்று நிம்மதியாக இன்னொரு பொட்டலத்தைப் பிரிப்பான். கோரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அவனுக்கு ஆறுதலும் கிடைக்கும். 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குச் சிறுவர்களை அழைத்துப் போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தும் திட்டம் ஒன்று புகழ்பெற்றது. பிற்காலத்தில் அத்தகைய திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போகாத பையன்களைவிடப் போய் வந்த பையன்களே அதிகமாகக் குற்றம் செய்தது தெரிந்தது. பயம் பெரும்பாலும் ஏற்கெனவே பயந்தவனிடம்தான் போய்ச் சேர்கிறது. பொட்டலம் யாரிடமிருந்து வருகிறது, எந்த இடைவேளையில் வருகிறது என்பதை அவனுடன் தனியே உட்கார்ந்து, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பேசிப் பாருங்கள்.

கேள்வி: சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள் என்று படத்தில் ஒன்றுமே இல்லையே? நம் பக்கம் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர்கள் ஒருநாள் கூலிக்குப் படகேறிய பையன்கள். படகு முதலாளியான சம்மாட்டிக்குக்கூடத் தெரியாமல் நடக்கிறது.
– மீனவர், பாம்பன்

பதில்: சரியான குறை. படத்தில் சரக்கு வருவதைக் காட்டாமல் அது வராமல் போவதை மட்டும் காட்டுகிறார்கள். விற்பவர்களுக்குள் சண்டை மூண்டு ஊரில் பஞ்சம் ஏற்பட்டதும்தான் ஹாரியும் டைரோனும் காரை எடுத்துக்கொண்டு ஃபுளோரிடாவுக்குக் கிளம்புகிறார்கள். சுமக்கிறவர்களின் கதை கடற்கரைக்காரர்கள்தான் சொல்ல வேண்டிய கதை. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். கஞ்சா, பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று பிடிபட்ட செய்திகளோடு, நரம்பு வலிக்குத் தரும் பிரிகேபலின் மாத்திரைகள் பிடிபட்ட செய்திகளையும் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறோம்.

உங்கள் ஊர்ப் பையன்களுக்குத் தெரிய வேண்டிய கணக்கு இது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். மூட்டை தன்னுடையது இல்லை, கூலிதான் தன்னுடையது என்பது இந்தக் கணக்கில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. தடைக்காலத்தில் வருமானமில்லாத பையனிடம் ஒரு இரவுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவன் வந்து நிற்பதைப் படமாக்க யாராவது முன்வந்தால், திரையிடக் கூடம் நான் பிடித்துத் தருகிறேன்.

கேள்வி: என் காக்கா (அண்ணன்) மூன்று ஆண்டுகளாக மாத்திரைக்கும் கஞ்சாவுக்கும் அடிமையாகிவிட்டார், இப்போது மதுவும் சேர்ந்துவிட்டது. உம்மா அவரை ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்து அழைத்து வருவார். அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், அங்கே போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். நான் படத்தைப் பற்றி அவரிடம் சொன்னது தவறாகிவிட்டது. படத்தில் டாக்டரே போலீசைக் கூப்பிடுகிறார், அந்த அம்மாவைக் கட்டிலில் கட்டி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ‘அங்கேயா என் பிள்ளையை விடச் சொல்கிறாய்’ என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கீழக்கரை வட்டம்

பதில்: தங்கையே, நான் முன்பு சொன்ன கடினமான கேள்வி உங்களுடையதுதான். இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கலும் இதுவே. முதலிலிருந்து கடைசி வரை போதைக்கு மருத்துவம் என்று ஒன்று இருப்பதாக ஒருவர்கூட வாயைத் திறப்பதில்லை. மருத்துவர்கள் வருகிறார்கள்; ஒருவர் மாத்திரை எழுதுகிறார், ஒருவர் போலீசை அழைக்கிறார், ஒருவர் மின்சாரம் பாய்ச்சுகிறார்.

உம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் நோயாகவே கொள்கிறது. நோயாளியைப் பற்றிய செய்தியை இரகசியமாகக் காப்பது அவருக்குரிய உரிமை. மயக்கமருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் மின்அதிர்வு சிகிச்சை செய்வதை அதே சட்டத்தின் 95ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆகவே சேராவுக்குச் செய்ததை இங்கே செய்ய முடியாது. முறைப்படி செய்தால் நோயாளி தூக்கத்தில் இருப்பார், உடம்பு அதிகம் அசையாது. கடுமையான மனச்சோர்வுக்கு அது நல்ல மருத்துவமும்கூட. சேராவைப் போல மாத்திரையால் புத்தி தடுமாறியவர்களுக்கோ மாத்திரையை நிறுத்தி உரிய மருந்து கொடுத்தாலே பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ தெளிவு வந்துவிடும்.

அந்த 95ஆவது பிரிவில் இன்னொரு தடையும் இருக்கிறது. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தில் தாய் சங்கிலி போட்டது தொலைக்காட்சிப் பெட்டிக்கு. உம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துஆவோடு மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவர்கள் அங்கேயே பார்க்கும் ஏற்பாடு உண்டு. அங்கிருந்தே தொடங்கினாலும் சரிதான்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை பெற்றால் அவர் மீது அந்த வழக்கு தொடரக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். ஆகையால் முழுமையாக இருந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் மருத்துவ உதவியில்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயலாதீர்கள். போதை மீட்புக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. நீங்கள் முதலில் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு உம்மாவைப் பேசச் சொல்லலாம்.

உங்கள் காக்காவிடம் சொல்வதற்கும் ஒரு செய்தி இருக்கிறது. இந்தக் கதையை எழுதிய செல்பி, காசநோய்க்காக நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தபோது கொடுத்த வலி மருந்துகளில் தொடங்கி ஹெராயினுக்கு அடிமையானவர். 1967இல் அதற்காகச் சிறைக்கும் போனார். வெளியே வந்தபின் அதை விட்டார். விட்டுப் பத்தாண்டு கழித்துத்தான் இந்த நாவலை எழுதினார். 2004 வரை வாழ்ந்தார். படத்தில் சிறைக்காவலராக வந்து டைரோனைப் பார்த்துச் சிரிக்கும் மெலிந்த கிழவர் அவர்தான்.

கேள்வி: நீங்களாவது இந்தப் படத்தை மறுபடியும் பார்ப்பீர்களா, ஐயா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: மண்டபத்தில் பார்த்ததே எனக்கு இரண்டாம் முறை. குளிர்காலப் பகுதி தொடங்கியதும், ஜெனரேட்டரைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்று மின்சாரம் போகவே இல்லை. வாசல் படியில் எனக்கு முன்பே ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்திருந்தார். ‘அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு யாராவது வருவார்களா?’ என்று கேட்டார். வாசலில் சேர்ந்து உட்காரும் சிநேகிதிகள் இருவர் கடைசியில் பார்க்க வருவார்கள் என்று சொன்னேன். சற்று நேரம் யோசித்தார். ‘அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.